கோவா தந்த டொமினிக் டிசூசா

பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் நின்று நோக்கும் நமக்குக் கோவா, மறுகரையிலுள்ள தொலைதூர நாடு. ஆயினும், நம் புதுவை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது போலவே, 1961 வரை போர்த்துக்கீசியர் வசம் இருந்த மண் அது. அம்மண்ணில் பர்ரா என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் டொமினிக் டிசூசா. உலக வனவிலங்கு நிதியத்தில் பணியாற்றிய இளைஞர். அடிக்கடி இரத்ததானம் செய்தவர். அந்த நற்பழக்கமே அவரைச் சிறைவைத்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி 1986இல் சென்னையில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. நாடெங்கும் அச்சம் பரவியது. கிருமி உடையோரைத் தனிமைப்படுத்தக் கோவாவில் சட்டமே பிறந்தது.

1989 பிப்ரவரி 14. காவலர் வந்து டொமினிக்கை அழைத்துச் சென்றனர். காரணம் கூறுவார் இல்லை. மருத்துவமனை மேசைமீது கிடந்த பதிவேட்டில் எய்ட்ஸ் என்ற சொல்லைக் கண்ட பிறகே அவருக்குத் தம் நிலை விளங்கியது! பின்னர், காசநோயாளருக்கென முன்பு கட்டப்பட்ட கட்டடத்தில், காவலுடன், 64 நாட்கள். குற்றம் செய்தவனுக்கும் விசாரணை உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

அன்னை லூசி டிசூசா வாளாவிருக்கவில்லை. வழக்கறிஞர் ஆனந்த் குரோவர் துணையுடன் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். மகன் வீடு திரும்பினார். கட்டாயத் தனிமை என்பது அரசின் விருப்பத்திற்குட்பட்டது எனச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் தனிமைப்படுத்தும் அதிகாரம் செல்லும் என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்னைக்குக் கிடைத்தது பாதி வெற்றியே.

தம்மைப் போன்றோருக்காக 1992இல் 'பாசிட்டிவ் பீப்பிள்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தார் டொமினிக். அவ்வாண்டு மே மாதமே பம்பாயில் மறைந்தார்.

அவர் வாழ்வைத் தழுவி, 2005இல் 'மை பிரதர் நிகில்' என்ற இந்திப் படத்தை இயக்கினார் ஓனிர். சஞ்சய் சூரி நிகிலாக வருகிறார். படத்தில் அவர் நீச்சல் வீரர். நிகிலும் நைஜல் என்னும் இளைஞரும் கொண்ட காதலை, ஏளனமோ கூச்சமோ இன்றிக் காட்டுகிறது படம். ஆண்கள் இருவர் காதலைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு அன்று நடப்பில் இருந்தது. 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. அந்நாளில் அப்படி எடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

ஒரு குறை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. படத்தில் பெற்றோர் மகனைக் கைவிடுகின்றனர். உடன் நிற்பவர்கள் தமக்கையும் நைஜலும்தான். தமக்கையாக வரும் ஜூஹி சாவ்லாவின் நடிப்பு உள்ளத்தை உருக்குவது உண்மையே. ஆயினும், மகனுக்காக அரசின்மீதே வழக்குத் தொடுத்த லூசி அம்மையாருக்குத் திரையில் இடமில்லாமற் போயிற்று.