பார்சிபாகன் சந்தின் மனோதத்துவ மாணவர்

வைகையின் வடகரையில், தறிச்சத்தம் ஓயாத எங்கள் செல்லூரில், ஒரு பெண் கல்லூரிக்குப் போகிறாள் என்றால் முதலில் எழும் கேள்வி, என்ன பாடம் என்பதுதான். வணிகவியல் என்றால் தலையசைப்பார்கள். கணிதம் என்றால் வாத்தியாரம்மா ஆகிவிடுவாள் என்று மகிழ்வார்கள். மனோதத்துவம் என்று நான் சொன்னபோது, பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெரியவர் கையை நிறுத்திவிட்டார். அது பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா, அல்லது எதிரே நிற்பவன் நெஞ்சில் இருப்பதைச் சொல்கிற மாய வித்தையா என்று கேட்டார். இரண்டும் இல்லை தாத்தா என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நூலகத்தில் கிரீந்திரசேகர் போஸ் என்னும் பெரியாரின் வரலாற்றைப் படித்தபோதுதான் என் பதிலை நினைத்து வெட்கம் உண்டாயிற்று. இந்தியாவில் மன அலசல் என்னும் துறைக்கு வித்திட்ட அவர், தாத்தா சொன்ன அந்த இரண்டிலும் இருந்துதான் தம் வாழ்வைத் தொடங்கியவர்!

அவர் பிறந்தது 1887-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், பீகாரில் உள்ள தர்பங்காவில். தந்தையார் சந்திரசேகர் போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர். நான்கு ஆண்மக்களில் கடைக்குட்டி நம் கிரீந்திரசேகர். அண்ணன் ராஜசேகர் போஸ் ரசாயன அறிஞர். பரசுராம் என்னும் புனைபெயரில் வங்காளமே விழுந்து விழுந்து சிரிக்கும்படி கதைகள் எழுதியவர். சலந்திகா என்னும் வங்க அகராதியைத் தொகுத்தவரும் அவரே. தம்பிக்கோ இளமையில் மாஜிக்கிலும் மனோவசியத்திலும் தீராத மோகம். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1910-இல் மருத்துவரானார். வித்தையும் வைத்தியமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன.

கல்கத்தாவில் தொழில் நன்றாகவே நடந்தது. வந்த நோயாளிகளில் சிலருக்கு உடம்பில் ஒரு கோளாறும் தென்படவில்லை. ஆனால் துன்பம் மட்டும் மெய்யாக இருந்தது. நாடி பார்த்து மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் அன்றைய வரும்படி நிற்கப்போவதில்லை. அவர் அவ்வாறு அனுப்பவில்லை. தமக்குத் தெரிந்த மனோவசியத்தைக் கையாண்டு பார்த்தார். சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. அந்நாளில் வியன்னா நகரில் சிக்மண்ட் பிராய்டு என்பவர் நோயாளியைப் பேசவிட்டே நோயின் வேரைத் தேடுகிறார் என்னும் செய்தி, பத்திரிகைக் கட்டுரைகள் வழியாகக் கல்கத்தாவுக்குக் கசிந்து வந்தது. தாமே தனியாகத் தட்டுத்தடுமாறிச் சென்றுகொண்டிருந்த பாதையில் வேறொருவரும் நடப்பதை அறிந்து போஸ் வியந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத்துக்கென்று தனித்துறை தோன்றியது. இந்தியாவில் அதுவே முதல். ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதற்குத் தலைமை ஏற்றார். நம் டாக்டர் என்ன செய்தார்? சம்பாத்தியமும் குடும்பமும் பெயரும் உள்ள ஒரு மருத்துவர், முப்பதை எட்டும் வயதில், மீண்டும் மாணவராகப் பெஞ்சில் போய் அமர்ந்தார். 1917-இல் தேர்ச்சி பெற்றார். உடனே அதே துறையில் விரிவுரையாளராகவும் ஆனார். அவருடைய வாழ்வில் புகழ்மிக்க நிகழ்ச்சிகள் எத்தனையோ உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தெரிந்தவர் என்று ஊரே நம்பும்போது, தெரியாது என்று ஒப்புக்கொண்டு பாடம் கேட்கப் போவது எளிய காரியமா?

1921-இல் உள்ளடக்குதல் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்றார். வேண்டாத ஆசைகளை மனம் தனக்கே தெரியாமல் எப்படி அமுக்கி வைக்கிறது என்பதே அதன் பொருள். அது நூலாகவும் வெளிவந்தது. பிரதி ஒன்று பிராய்டுக்குப் போயிற்று. இத்தனை தொலைவிலிருந்து தம் துறையில் ஒரு நூல் வந்ததைக் கண்டு பிராய்டு வியந்து பதில் எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிராய்டின் முகத்தையே கண்டறியாத ஓவியர் ஜதீந்திரகுமார் சென், அவருடைய எழுத்தைக் கொண்டே உருவத்தைக் கற்பனை செய்து ஒரு படம் வரைந்தார். அதை வியன்னாவுக்கு அனுப்பிவைத்தார்கள். தம்மைவிட அந்தப் படம் மிக அழகாக இருப்பதாக பிராய்டு நகைச்சுவையோடு பதில் எழுதினார்.

1922-இல், பார்சிபாகன் சந்து 14-ஆம் இலக்கமுள்ள தம் வீட்டில், 15 உறுப்பினர்களோடு இந்திய மன அலசல் கழகத்தைப் போஸ் நிறுவினார். (1906 ஆகஸ்டு 7-இல் சுதேசிக் கொடி ஏற்றப்பட்டதே, அந்தப் பார்சிபாகன்தான்.) உலக மன அலசல் கழகத்தோடு அது இணைக்கவும் பெற்றது. தாம் மறையும்வரை போஸே அதன் தலைவர்.

இவ்வளவும் சொன்னால், மேனாட்டு ஆசானின் சீடர் ஒருவர் கிடைத்தார் என்றுதான் தோன்றும். அப்படியன்று. ஆசானோடு அவர் வழக்காடினார். மனத்தில் எழும் ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்றும் உடன் பிறக்கிறது என்பது போஸின் கொள்கை. அடிக்க வேண்டும் என்னும் ஆசையோடு அடிபட வேண்டும் என்னும் ஆசையும் ஒளிந்திருக்குமாம். எங்கள் ஊர்த் தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மிதிகட்டையை அழுத்தினால் ஒரு விழுது இறங்கும், அதனோடு கட்டிய மற்றது ஏறும். மேலே நிற்பதை மட்டும் பார்த்துவிட்டு, கீழே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியுமா? நோயாளியை எதிர்த்தரப்பில் இருத்தி எண்ணிப் பார்க்கச் செய்து, அமுங்கிக் கிடந்த மற்றதை மேலே வரவழைப்பது அவர் கையாண்ட முறை. தம் இந்திய நோயாளிகளிடம் தந்தை மகன் உறவு பற்றிய எண்ணங்கள் ஐரோப்பிய நோயாளிகளிடம் காண்பது போலவே அமையவில்லை என்றும் பிராய்டுக்கு எழுதினார். பிராய்டு மரியாதையோடு படித்தார். ஆனால் முழுதும் ஏற்கவில்லை. போஸும் விடவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற இளங்கலை மாணவிக்குத் தகுதி இல்லை. போஸின் கொள்கைக்கு அவர் காட்டிய சான்றுகள் பெரும்பாலும் அவருடைய சொந்த நோயாளிகளிடமிருந்து கிடைத்தவை; எல்லா ஆசைக்கும் இது பொருந்துமா என்று எனக்கும் ஐயம் உண்டு. ஆனால் ஒன்று சொல்வேன். அந்நாளில் நம்மவர் பலர் மேனாட்டு நூலை வேதவாக்காகக் கொண்டனர். வேறு சிலர் எல்லாம் நம் முன்னோர் சொன்னதே என்று மூடிவைத்தனர். இவர் இரண்டையும் செய்யவில்லை. படித்தார், தம் முன் அமர்ந்த மனிதனோடு ஒப்பிட்டார், பொருந்தாத இடத்தைப் பொருந்தவில்லை என்று எழுதினார்.

வழக்கு இருந்ததே தவிர அன்புக்குக் குறைவில்லை. 1931-இல் பிராய்டுக்கு 75 வயது நிறைந்தபோது கல்கத்தாக் கழகத்தார் தந்தத்தில் கடைந்த விஷ்ணு சிலை ஒன்றை அனுப்பினார்கள். பிராய்டு அதைத் தம் எழுதுமேசையின் மேலேயே வைத்துக்கொண்டார். வியன்னாவின் குளிரில் அதில் வெடிப்புக் கண்டதாம். பிராய்டு 1938-இல் நாஜிகளுக்குத் தப்பி லண்டன் சென்றபோது அந்தச் சிலையும் உடன் சென்றது. அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சியகமாக இருக்கிறது.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு நெருக்கமானது. 1933 மே 1-ஆம் நாள், கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கென்று வெளிநோயாளர் பிரிவு ஒன்றைப் போஸ் தொடங்கினார். இன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என வழங்குவது அதுவே. இந்தியாவில் பொது மருத்துவமனை ஒன்றில் இத்தகைய பிரிவு அமைந்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன் மனம் பேதலித்தவர்களுக்கு இருந்தவை மதில் சூழ்ந்த விடுதிகளே. சென்னைக் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே நம்மிடையே வசைச்சொல் ஆகிவிடவில்லையா? காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கும் அதே கூடத்தில் மனத்துக்கும் சீட்டு வாங்கலாம், மாலையில் வீட்டுக்குத் திரும்பலாம் என்றால், அது மருத்துவத்தில் மட்டும் ஏற்பட்ட மாறுதலா?

எங்கள் சித்தப்பா நல்ல நெசவாளி. ஒருநாள் தறியை விட்டு எழுந்தவர் மறுபடி உட்காரவில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். உண்ணவில்லை, உறங்கவில்லை. மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். பிறகு தொலைவில் ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று விட்டுவிட்டு வந்தார்கள். காலில் சங்கிலி போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அப்பத்தா மூன்று நாள் சோறு தொடவில்லை. அப்பத்தாவின் பிடிவாதத்தால் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். எனக்கு அப்போது விவரம் அறியாத வயது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடுதியொன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட இயலாமல் கருகிய செய்தியைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு நினைவு வந்தவை அப்பத்தாவின் கண்கள். சித்தப்பா பிறகு அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனார். பூரண குணம் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை தவறினால் தெரிந்துவிடும். ஆனால் தறியில் உட்காருகிறார்.

போஸின் சிகிச்சை முறை மாத்திரையன்று. அந்த நாளில் அத்தகைய மாத்திரைகளும் இல்லை. நோயாளியைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துப் பேசவிட்டுக் கேட்பதே அவருடைய முறை. அது நெடுநாள் பிடிக்கும், எல்லா நோய்க்கும் ஏலாது. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. அண்ணன் ராஜசேகர் தந்த தில்ஜலா இடத்தில் 1940-இல் லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனையைக் கழகம் தொடங்கியது. தொடக்கத்தில் மூன்றே படுக்கைகள்! வங்கத்தின் புரட்சிக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் 1942-இல் பேச்சும் நினைவும் குன்றியபோது சில மாதங்கள் அங்கேதான் வைத்துப் பார்க்கப்பட்டார். அவரை மீட்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாய்மொழி வழியில் படிக்கும் நம் போன்றோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இன்னும் ஒன்று. பிராய்டோடு ஆங்கிலத்தில் வழக்காடிய போஸ், கனவுகளைப் பற்றி 1928-இல் எழுதிய நூல் வங்க மொழியில் அமைந்தது. இந்தப் படிப்புக்கு வேண்டிய கலைச்சொற்களையும் வங்கத்தில் ஆக்கினார். கீதைக்கும் புராணங்களுக்கும் விளக்கம் எழுதினார். குழந்தைகளுக்காகச் செவ்வெறும்புக்கும் கட்டெறும்புக்கும் நடக்கும் சண்டையைக் கதையாக்கினார். எதிர் ஆசைக் கொள்கைக்காரர் அல்லவா, எறும்பிலும் இரண்டு கட்சி! மனோதத்துவம் என்பதா, உளவியல் என்பதா, அகமனம் என்பதா, நனவிலி என்பதா என்று நாம் வகுப்பில் தடுமாறும்போதெல்லாம், அகராதி எழுதிய அண்ணனும் கலைச்சொல் தேடிய தம்பியும் அந்தப் பார்சிபாகன் வீட்டில் ஒரு சொல்லுக்காக எத்தனை மாலைகள் வாதிட்டிருப்பார்கள் என்று கற்பனை செய்துகொள்வேன்.

மன அலசல் செய்வோர் முதலில் தம்மை இன்னொருவரிடம் அலசலுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அத்துறையின் விதி. போஸுக்கு அப்படி ஒருவர் இந்நாட்டில் இல்லை. தம்மைத் தாமே ஆராய்ந்துகொண்டார். பிறகு வந்தவர்களுக்கு அவரே ஆசானானார். 1953 ஜூன் 3-ஆம் நாள் அவர் மறைந்தபோது, கல்கத்தாவில் அவரிடம் பயின்றவர்கள் ஒரு தலைமுறையாக வளர்ந்திருந்தார்கள்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், அந்தக் கஞ்சி போடும் தாத்தா எங்கள் வாசலுக்கு வந்தார். அவருடைய மகளுக்குப் பிரசவம் ஆனதிலிருந்து தூக்கம் இல்லை, பிள்ளையைத் தூக்கவும் மனம் இல்லை, காரணமின்றி அழுகிறாள் என்றார். சற்று நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, உன் சித்தப்பாவுக்கு எந்த வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். மறுநாள் காலை நானும் அவர்களோடு போனேன்.