விழக் கற்றுத் தந்த ஆசிரியர்

தற்காப்புக் கலை பயிலும் சிறுவனின் இடுப்பில் உள்ள பட்டை அவனது தேர்ச்சியைச் சொல்லும் அளவுகோல். அது கறுப்பாக மாறும் நாளுக்காக அவனும் பெற்றோரும் காத்திருக்கின்றனர். கறுப்புப் பட்டை என்பது பழங்காலப் போர்வீரர்கள் விட்டுச்சென்ற மரபு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வயதுகூட ஆகவில்லை. அதை வழங்கியவர் போர்க்களம் கண்ட வீரரும் அல்லர். பொருளாதாரம் கற்பித்த ஓர் ஆசிரியர். ஜூடோவின் தந்தை எனப் போற்றப்படும் ஜிகோரோ கானோதான் அவர்.

ஜப்பானின் கோபே நகரையொட்டிய மிகாகே என்னும் கடலோர ஊரில், அரிசி மது வடிக்கும் வணிகக் குடும்பத்தில் 1860-ஆம் ஆண்டு பிறந்தார் கானோ. சிறுவயதிலேயே தாயை இழந்தார். தந்தையுடன் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்து விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் முதல் வரிசையில் இருந்த அவருக்கு உடல்தான் ஒத்துழைக்கவில்லை. குள்ளமான, மெலிந்த உருவம். வலுத்த மாணவர்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினர். பெரியவனைச் சிறியவன் வீழ்த்த வழிசெய்யும் ஜூஜுட்சு என்றொரு கலை உண்டு எனக் கேள்விப்பட்ட அவர், அதைக் கற்க உறுதி பூண்டார்.

ஆனால், காலம் அந்தக் கலைக்குச் சாதகமாக இல்லை. 1868-இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தபின் ஜப்பான் மேலைநாட்டு வழியில் விரைந்து நடைபோடத் தொடங்கியிருந்தது. சாமுராய்கள் வாள் தரிக்க 1876-இல் தடை வந்தது. பழைய போர்க்கலைகள் உதவாதவை என ஒதுக்கப்பட்டன. கானோவின் தந்தைக்கும் மகனின் விருப்பம் உவப்பாக இல்லை. ஜூஜுட்சு ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்துவந்தனர் என்பதை அறிந்த கானோ, அத்தகைய வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளைத் தேடி அலைந்தார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த 1877-ஆம் ஆண்டில், புகுடா ஹச்சினோசுகே என்ற ஆசானிடம் மாணவரானார்.

இரண்டே ஆண்டுகளில் புகுடா மறைந்தார். அடுத்து இசோ மசாடோமோவிடம் பயின்றார். அவரும் 1881-இல் காலமானார். பின்னர், வேறொரு மரபைச் சேர்ந்த இக்குபோ சுனேதோஷியை நாடினார். இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகளைக் கற்க நேர்ந்ததால், ஒவ்வொன்றிலும் நிறை எது, குறை எது என ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. எதிராளியை வீழ்த்துவதற்கு முன்பாக அவரது சமநிலையைக் குலைக்க வேண்டும் என்பதே அவர் கண்டறிந்த அடிப்படை. சமநிலை இழந்தவரைச் சாய்க்கப் பெரும்பலம் தேவையில்லை.

1882-ஆம் ஆண்டு டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், 12 பாய்கள் விரித்த ஒரு கூடத்தில் கொடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. மாணவர்கள் ஒன்பது பேர். தமது கலைக்கு அவர் ஜூடோ எனப் பெயரிட்டார். ஜூஜுட்சு என்பது நுட்பத்தைக் குறிக்கும் சொல்; ஜூடோவில் உள்ள ‘டோ’ என்பது வழி, நெறி எனப் பொருள்படும். ஒரு சொல்லை மாற்றியதன் மூலம் கலையின் நோக்கத்தையே அவர் மாற்றியமைத்தார்.

அந்த மாற்றம் பயிற்சி முறையிலும் வெளிப்பட்டது. உயிருக்கும் உறுப்புகளுக்கும் ஊறு விளைவிக்கும் அடிகளையும் பிடிகளையும் போட்டிப் பயிற்சியிலிருந்து நீக்கி, அவற்றை வரையறுக்கப்பட்ட செய்முறைகளாக மட்டும் பாதுகாத்தார். எஞ்சிய நுட்பங்களை இருவரும் முழுவேகத்துடன் பழகலாம். மறுநாளும் நலமாகத் திரும்பி வரலாம். மாணவர் முதலில் கற்க வேண்டியது அடிபடாமல் விழும் முறை. விழுவதற்கு அஞ்சாதவரே துணிந்து பழக முடியும் என்பதே இதன் உட்பொருள். போருக்கான கலை, எளிய மனிதரும் அன்றாடம் பயிலத்தக்க உடற்பயிற்சியாக மாறியது இவ்வாறுதான்.

1883-இல் தம் மாணவர் இருவருக்கு முதன்முதலாக ‘டான்’ என்னும் தரநிலையை வழங்கினார். சில ஆண்டுகளில் கறுப்புப் பட்டை அதன் அடையாளமாயிற்று. ஒகினாவாவிலிருந்து கராத்தேவை டோக்கியோவுக்குக் கொண்டுவந்த கிச்சின் புனாகோஷியை 1922-இல் கொடோகானுக்கு அழைத்துச் செயல்விளக்கம் அளிக்கச் செய்தவரும் கானோவே. ஜூடோவின் வெள்ளை உடையையும் தரநிலை முறையையும் கராத்தேவும் ஏற்றுக்கொண்டது. இன்று நம் ஊர்களில் கராத்தே பயிலும் குழந்தைகள் அணிவதும் அந்த ஆசிரியரின் கொடையே.

கானோவின் வாழ்க்கை பயிற்சிக்கூடத்துடன் முடிந்துவிடவில்லை. ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர்நிலைப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக ஏறத்தாழ கால் நூற்றாண்டு பணியாற்றினார். மாணவர்களை நீச்சலிலும் நெடுந்தூர ஓட்டத்திலும் ஈடுபடுத்தினார். சீன மாணவர்களுக்கென அவர் நிறுவிய பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் பெரும் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லூ சுன். பெண்களுக்கு 1893-ஆம் ஆண்டிலேயே ஜூடோ கற்பிக்கத் தொடங்கினார். 1926-இல் கொடோகானில் அவர்களுக்கெனத் தனிப்பிரிவு உருவானது. தாகூரின் அழைப்பை ஏற்று, 1929-இல் கொடோகானின் ஷின்சோ தகாகாகி சாந்திநிகேதனுக்கு வந்து பயிற்சியளித்தார்.

1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார் கானோ. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதன்முறையாகப் பங்கேற்றபோது, இரண்டே வீரர்களுடன் அவர் சென்றார். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. ஆயினும், டோக்கியோவில் ஒலிம்பிக்கை நடத்தும் கனவை அவர் கைவிடவில்லை. 1940-ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் உரிமை 1936-இல் டோக்கியோவுக்குக் கிடைத்தது.

தாம் கற்றதன் சாரத்தை இரு கோட்பாடுகளாக அவர் வகுத்திருந்தார். உடல், உள்ள ஆற்றலை வீணாக்காமல் நற்பயனுக்குச் செலுத்துவது ஒன்று. தாமும் பிறரும் சேர்ந்து செழிப்பது மற்றொன்று. பயிற்சியில் நம் கையால் விழுபவர் நமக்குப் பகைவர் அல்லர்; அவர் இல்லாமல் நாம் கற்க இயலாது என்னும் எளிய உண்மையிலிருந்து பிறந்தது இரண்டாவது கோட்பாடு.

அந்த இரண்டாவது கோட்பாட்டைத்தான் அவரது நாடு மறந்தது. 1937-இல் சீனாவுடன் போர் மூண்டது. பள்ளிகளில் பயிற்றப்பட்ட ஜூடோ, இளைஞர்களைப் போருக்குப் பதப்படுத்தும் கருவியாயிற்று. கெய்ரோவில் நடைபெற்ற ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் பங்கேற்றுத் திரும்பும் வழியில், 1938-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, ஹிகாவா மாரு கப்பலில் நிமோனியா காய்ச்சலால் கானோ காலமானார். அப்போது அவருக்கு வயது 77. இரண்டே மாதங்களில் ஒலிம்பிக்கை நடத்தும் உரிமையை ஜப்பான் திருப்பியளித்தது. போரில் ஜப்பான் தோற்றபின், நேச நாடுகளின் நிர்வாகம் பள்ளிகளில் ஜூடோவைத் தடை செய்தது. 1950-இல்தான் அது மாணவர்களிடம் திரும்பியது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கை நடத்தியபோது, அதில் ஜூடோவும் ஒரு போட்டியாக இடம்பெற்றது. அதைக் காணக் கானோ இல்லை.

இந்த வரலாறு நமக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. உடலை வலுப்படுத்தும் எந்தப் பயிற்சியும் தன்னளவில் நல்லதுமல்ல, தீயதுமல்ல. ஒழுங்கும் கட்டுப்பாடும் மட்டும் கற்பிக்கப்பட்டு, எதிரில் நிற்பவர் மீதான அக்கறை கற்பிக்கப்படாவிட்டால், உடல் வலிமை எவர் கைக்கும் எளிதில் கருவியாகிவிடும். துன்புறுத்தப்பட்ட சிறுவன், பலம் பெற்றபின் பிறரைத் துன்புறுத்துபவனாக மாறுவதற்கும் அதிகத் தொலைவு இல்லை. கானோ அந்தத் தொலைவைக் கடக்கவில்லை என்பதே அவரது மிகப்பெரிய வெற்றி.

குழந்தைகளைத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்க்கும் பெற்றோரும், உடல்நலம் கருதித் தாமே சேரும் நடுவயதினரும், எத்தனை மாதங்களில் கறுப்புப் பட்டை கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்பு வேறு சிலவற்றைக் கவனிக்கலாம். அங்கே முதலில் பாதுகாப்பாக விழக் கற்றுத் தருகிறார்களா? வலிமை குறைந்தவரிடம் வலியவர் எப்படி நடந்துகொள்கிறார்? தோற்றவரின் தலைநிமிர்வைப் பயிற்சியாளர் காக்கிறாரா? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால் போதும். பட்டை அதற்குரிய காலத்தில் வந்து சேரும்.