பட்டுக்கோட்டையா? கண்ணதாசனா?



ஆண்டு மலரில் சினிமாப் பாட்டைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுதலாம் என்பதே என் கட்சி. நம்ம வீட்டுப் பெரியவங்க குறளும் கம்பனும் படித்தார்களோ இல்லையோ, பாட்டுக் கேட்டார்கள். எங்கள் கூடங்குளத்துக் கரையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. எங்க தாத்தா காலத்தில் சிலோன் ரேடியோ கணீர் என்று கேட்குமாம். இப்போதும் கோயில் கொடை என்றால் விடியுமுன்னே குழாய் ஸ்பீக்கரில் பழைய பாட்டுத்தான். அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் இரண்டு. ஒருவர் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். மற்றவர் கவியரசு கண்ணதாசன். இவர்களில் பெரிய படைப்பாளி யார் என்பது நம்ம விடுதியில் கரண்ட் போகும்போதெல்லாம் நடக்கிற வழக்கு.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பட்டுக்கோட்டைக் கட்சி! அதற்காகக் கவியரசரைக் குறைத்துப் பேசுகிற எண்ணம் எனக்குக் கிடையாது. ஆனால் இந்த வழக்கில் பட்டுக்கோட்டையின் வாழ்க்கை தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்று ஒரு சிற்றூர். அங்கே 1930 ஏப்ரல் 13-ல் அருணாசலம் பிள்ளைக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கல்யாணசுந்தரம். விவசாயக் குடும்பம். தகப்பனாரும் கும்மிப் பாட்டுக் கட்டக்கூடியவர். ஆக, பாட்டு வீட்டிலேயே இருந்தது. பள்ளிக்கூடம்தான் இல்லை. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது.

அதன் பிறகு அவர் செய்த தொழில்களை எண்ணினால் பதினேழு வரும் என்று கணக்குச் சொல்வார்கள். வயல் வேலை செய்தார், மாடு மேய்த்தார், மாட்டு வியாபாரம் பார்த்தார். மாம்பழம் விற்றார், முறுக்கு விற்றார், இட்லி விற்றார். மீனும் நண்டும் பிடித்தார். உப்பளத்தில் உழைத்தார். தண்ணீர் வண்டி இழுத்தார். மிஷின் ஓட்டினார். நாடகத்தில் நடித்தார். நாம் மூன்று வருஷம் ஒர்க்‌ஷாப்பில் ரம்பமும் அரமும் பிடித்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்துப் பெருமைப்படுகிறோமே, அவர் கை எப்படி இருந்திருக்கும்!

இளம் வயதிலேயே தஞ்சைப் பகுதி விவசாயிகள் இயக்கத்தில் சேர்ந்து செங்கொடி பிடித்தார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மீது பெரும் பற்றுக் கொண்டவர். அந்த ஜீவா நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான், நாகர்கோவிலை அடுத்த பூதப்பாண்டியில் பிறந்தவர். சக்தி நாடக சபாவில் நடித்த கல்யாணசுந்தரம், பிறகு புதுச்சேரிக்குப் போய்ப் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் பயின்றார். நம்ம நெல்லைச் சீமை எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, பாரதிக்குத் தாசனான கனகசுப்புரத்தினம், அவருக்கு மாணவரான கல்யாணசுந்தரம் என்று இது ஒரு வரிசை. எழுத உட்கார்ந்தால் தாளின் தலையில் ஆசானை வாழ்த்தி எழுதிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவாராம்.

1950-களின் நடுவில் சினிமாவுக்கு வந்தார். படித்த பெண், மகேஸ்வரி, பாசவலை என்று வரிசையாகப் படங்கள் வந்தன. வாய்ப்புக் கேட்டு நின்றாலும் வளைந்து நின்றவர் அல்ல. பாட்டெழுதிய கூலியைத் தராமல் இழுத்தடித்த ஒரு தயாரிப்பாளரிடம், காசு கேட்டுப் போன இடத்தில் நிற்கவைத்தார்கள் என்பதற்காக, ரோஷமாக நாலு வரி எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்தார் என்றும், பணம் தானாகத் தேடி வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கேட்கும்போதே நமக்குக் கை தட்டத் தோணுதில்லையா?

1957-ல் கௌரவம்மாளை மணந்தார். பாரதிதாசன் தலைமையில் நடந்த திருமணம். 1958-ல் நாடோடி மன்னன். 1959-ல் ஸ்ரீதரின் கல்யாண பரிசு, ஏ.எம்.ராஜா இசை. புகழ் உச்சிக்குப் போன அதே 1959-ல் மகன் பிறந்தான். அதே ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி, மூக்கில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல்நலம் கெட்டு, கல்யாணசுந்தரம் மறைந்தார். வயது இருபத்தொன்பது! கைக்குழந்தையோடு நின்றார் கௌரவம்மாள். இரும்புத்திரை 1960-லும், அரசிளங்குமரி, திருடாதே ஆகியவை 1961-லும் வந்தபோது, பாட்டு இருந்தது, எழுதியவர் இல்லை.

இப்போது கவியரசர் பக்கம் வருவோம். 1927 ஜூன் 24-ல் காரைக்குடிக்கு அருகே சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். இயற்பெயர் முத்தையா. அவருடைய தாயார் பெயரும் விசாலாட்சி என்பது என்ன பொருத்தம் பாருங்கள்! அவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். 1949-ல் கன்னியின் காதலி படத்தில் முதல் பாட்டு. பத்திரிகை நடத்தினார், வசனம் எழுதினார், அரசியலில் இறங்கினார், சிறை சென்றார், சொந்தப் படம் எடுத்துக் கடன்பட்டார், கட்சி மாறினார், நாத்திகத்திலிருந்து பக்திக்கு வந்தார். தன் தவறுகளை வனவாசத்தில் தானே எழுதிவைத்தார். 1980-ல் சேரமான் காதலி நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது. 1981 அக்டோபர் 17-ல் அமெரிக்காவின் சிகாகோவில் மறைந்தார். பாட்டெழுதிய காலம் முப்பத்திரண்டு ஆண்டுகள்.

கவியரசர் கட்சிக்காரர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். காதலா, தாலாட்டா, தத்துவமா, பக்தியா, சோகமா, எதை அவர் விட்டுவைத்தார்? பாசமலரின் தாலாட்டைக் கேட்டுக் கண் கலங்காத அண்ணன் உண்டா? பாத காணிக்கை படத்தில் சாவைப் பற்றி எழுதினாரே, பட்டினத்தார் பாடிய பொருளை டீக்கடை வரைக்கும் கொண்டுவந்தாரே, அது லேசுப்பட்ட காரியமாலே மக்கா?

லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். கம்பனையும் சித்தரையும் கரைத்துக் குடித்து, எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டைப் போட்ட மாத்திரத்தில் சொல்லைக் கொட்டிய ஆற்றலுக்கு இணை சொல்வது கஷ்டம். பட்டுக்கோட்டையார் பாட்டுகள் சிலவற்றில் புத்திமதி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்பதும் உண்மைதான்.

ஆனால் நண்பர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் கணக்குப் பிள்ளைகள் ஆயிற்றே! கண்ணதாசனுக்கு இருபத்தொன்பது வயது நிறைந்தது 1956 ஜூனில். அன்றைக்கு அவர் பேனா நின்றுபோயிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? மாலையிட்ட மங்கை 1958. பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் மூன்றும் 1961. எல்லாம் அதற்குப் பிற்பாடு வந்தவை. மதுரை வீரன் படத்துக்கு வசனம் எழுதியவர் என்றுதான் பெரும்பாலும் அவரை நினைத்திருப்போம். 1958-ல் வந்த நாடோடி மன்னனிலேயே கண்ணதாசன் வசனகர்த்தாக்களில் ஒருவர், கல்யாணசுந்தரம் பாட்டெழுதியவர்களில் ஒருவர். அந்தப் படத்தில் இரண்டு பேரும் சக தொழிலாளர்கள்! முப்பத்திரண்டு வருஷ அறுவடையையும் ஐந்து வருஷ அறுவடையையும் ஒரே தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்? அளவை வைத்து அளக்கக் கூடாது. விதையைப் பார்க்க வேண்டும்.

அந்த விதை என்ன? நாடோடி மன்னனில் ஒரு ஆணும் பெண்ணும் பாடுகிற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை விளைந்தும் விளைவித்தவனுக்கு என்ன மிச்சம் என்று அவள் கேட்கிறாள். காலம் மாறும் என்று அவன் தேற்றுகிறான். அந்தக் கேள்வியைப் பெண்ணின் வாயில் வைத்தாரே, அங்கேதான் கவிஞர் இருக்கிறார். அடுப்பில் உலை வைக்கிறவளுக்குத்தானே மிச்சக் கணக்குத் தெரியும்? களத்துமேட்டில் நின்ற ஆளுக்கே இது தோணும்.

இன்னொன்று, இரும்புத்திரை. மில் தொழிலாளிகளின் கதை. அதில் சம்பளக் காசு வந்த வேகத்தில் காணாமல் போவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ஒரு பாட்டு உண்டு. எங்க அப்பா ஒரு ஒப்பந்தக்காரரிடம் வெல்டர். பெயர் வேண்டாம். சம்பளம் சில சமயம் இரண்டு மாதம் தள்ளி வரும். அம்மா பீடி சுற்றுகிற காசில்தான் அந்த இரண்டு மாதமும் ஓடும். வந்த அன்றைக்கே கடைப் பாக்கி, சீட்டுக் காசு, என் தேர்வுக் கட்டணம் என்று போய்விடும். அந்தப் பாட்டு ஓடினால் அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாங்க. 1960-ல் வந்த படத்தின் பாட்டு எங்க வீட்டுக் கணக்கை இன்னும் சரியாகச் சொல்கிறது என்றால், அதை எழுதியவர் பதினேழு தொழில் பார்த்தது வீண் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

என் மனதில் பட்ட வேறுபாட்டைச் சொல்கிறேன். துக்கம் வந்தால், காதலில் தோற்றால், தனியே உட்கார்ந்து அழ நமக்குத் துணையாக வருகிறவர் கண்ணதாசன். அவர் பாட்டில் பெரும்பாலும் ஒரு தனி மனிதன் தன் மனத்தோடு பேசுகிறான். பட்டுக்கோட்டையார் பாட்டிலோ ஒருவன் தம்பியிடம் பேசுகிறான், பொடியனிடம் பேசுகிறான், ஊரிடம் பேசுகிறான். தூங்கிக் கிடக்காதே, ஏமாறாதே, உழைப்பவன் ஒன்று சேர்ந்தால் மாறும் என்கிறான். காதலும் அவருக்கு வரும் என்பதற்குக் கல்யாண பரிசே சாட்சி. ஆனால் உழைப்பையும் கூலியையும் சினிமா மெட்டுக்குள் கொண்டுவந்து, அதைப் படிக்காத ஜனமும் முணுமுணுக்கும்படி செய்ததுதான் அவருடைய தனிப் படைப்பு. அவர் பாட்டுகள் எம்.ஜி.ஆருக்குக் கைகொடுத்தது சாதாரணமாக அல்ல. முதலமைச்சரான பிறகு, தன் நாற்காலியின் கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையார் பாட்டு என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர் உண்டு. அவர் கண்ணதாசனேதான்! கல்யாணசுந்தரம் மறைந்தபோது அவர் எழுதிய இரங்கற்பாவில், தன்னைவிட மூன்று வயது இளையவனை மாகவிஞன் என்று போற்றி, தன் உயிரைக் கொடுத்தாவது மீட்கக் கூடாதா என்று கதறினார். போட்டிக்காரன் போய்விட்டான் என்று மூச்சுவிடவில்லை. கவியரசர் எவ்வளவு பெரியவர் என்பதற்கு எனக்கு அந்த ஒரு பாட்டுப் போதும். நாம்தான் கட்சி கட்டிச் சண்டை போடுகிறோம்!

தோழர்களே, வரும் ஜூனில் நம்மில் பலர் ஏதாவது ஒரு வேலைத்தளத்தின் வாசலில் நிற்போம். டிப்ளமோ மட்டும்தானா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். இரண்டாம் வகுப்பும் பதினேழு தொழிலும்தான் ஒருவரை மக்கள் கவிஞராக்கின என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். கையால் உழைக்கிறவனுக்குச் சொல்ல விஷயம் உண்டு. அதைச் சொல்லத் தமிழும் உண்டு. பட்டுக்கோட்டைக்குப் போகிறவர்கள் அங்கே அவருக்கு அரசு எழுப்பியுள்ள மணிமண்டபத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாழ்க மக்கள் கவிஞர் புகழ்! வாழ்க கவியரசர் புகழ்! ஓங்குக நம் மாணவர் ஒற்றுமை!

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கூடங்குளம்