மாலுமிகளின் நண்பர் பிளிம்சோல்

துறைமுகத்திலே சரக்குக் கப்பல்களைக் கண்டோர், அவற்றின் பக்கத்தே ஒரு வட்டமும் அதனை ஊடறுத்துச் செல்லும் கிடைக்கோடும் தீட்டப்பட்டிருத்தலை நோக்கியிருப்பர். அக்கோட்டுக்காகப் பாராளுமன்றத்திலே தம்மை மறந்து நின்றவர் ஒருவர்.

சாமுவேல் பிளிம்சோல் 1824இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிற் பிறந்தார். நிலக்கரி வாணிகத்திற் பொருளனைத்தும் இழந்து, இலண்டனில் ஏழைகள் தங்கும் மலிவான விடுதியொன்றிற் சிலகாலம் வாழ்ந்தார். வறியோர்பால் அவர் கொண்ட பரிவு ஏட்டிற் கற்றதன்று. மீண்டும் செல்வமெய்தி, 1868இல் டார்பித் தொகுதியின் உறுப்பினரானார்.

அக்காலத்தே கப்பலுடையார் சிலர், பழுதுற்ற கலங்களுக்கும் பெருந்தொகைக்குக் காப்புறுதி செய்து, அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றிக் கடலில் விடுவர். கரை சேரின் கூலி. கவிழின் காப்புறுதிப் பணம். மாண்டொழிபவர் மாலுமிகளே. ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டபின் கப்பலேற மறுத்தவனைச் சிறையிலிடவும் சட்டம் இடந்தந்தது. அக்கலங்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என மக்கள் வழங்கினர்.

1873இல் பிளிம்சோல் இக்கொடுமையை நூலாக எழுதி வெளியிட்டார். நாடு கிளர்ந்தது, அரசு விசாரணைக்குழு அமைத்தது. அவர் கூறியவற்றுட் சில பிழைபட்டன என்பதையும் மறைத்தல் தகாது. கப்பலுடையார் அவதூறு வழக்கும் தொடுத்தனர்.

1875 யூலை 22ஆந் திகதி, கப்பல் மசோதாவை அவ்வாண்டிற் கைவிடுவதாக முதன்மந்திரி டிஸ்றேலி அறிவித்தார். மாரிப் புயல் வருமுன் சட்டம் வராதெனின் எத்தனை உயிர் மடியும்! பிளிம்சோல் கொதித்தெழுந்து, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரைக் கயவரெனப் பழித்தார்; அச்சபை உறுப்பினர் ஒருவரின் கப்பல்களையே சுட்டிக் கேட்கவும் துணிந்தார். சொல்லை மீளப்பெறுமாறு சபாநாயகர் பணித்தும் இணங்கவில்லை. முட்டியை அசைத்தவாறே வெளியேறினார். ஒரு வாரத்தின்பின் மன்னிப்புக் கேட்டாரெனினும், கடுஞ்சொல்லுக்கே கேட்டார். கூறிய செய்திகளை விட்டுக்கொடுத்தாரல்லர். இவ்வேறுபாட்டை அறிந்து நின்றமையே அவர் பெருமை என்பேன்.

மக்களின் சினத்துக்கு அஞ்சிய அரசு அவ்வாண்டே தற்காலிகச் சட்டமொன்றை இயற்றியது. 1876இல் எடைக்கோடு கட்டாயமாயிற்று. விந்தை யாதெனின், கோட்டை எங்கே இடுவதென்பது கப்பலுடையான் விருப்பத்துக்கே விடப்பட்டது! ஒருவன் புகைபோக்கியிலேயே தீட்டினான் என்றொரு கதையும் உண்டு.

1880இல், மந்திரியாயுள்ளவர் மாலுமிகளுக்குக் கூடுதலாக உதவக்கூடுமென நம்பி, தம் தொகுதியை வில்லியம் ஹார்கோட்டுக்கு விட்டுக்கொடுத்தார். கோட்டின் இடத்தை அரசே வரையறுக்குஞ் சட்டம் 1890இலே வந்தது. அதனைக் கண்டபின் எட்டாண்டு வாழ்ந்து, 1898இல் போக்ஸ்டன் என்னுங் கடற்கரையூரிற் பிளிம்சோல் காலமானார்.