காட்டுத் தீயைத் தடுக்க முடியும் என்று காட்டிய பிராண்டிஸ்

மாசி பிறந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புக்காரர்களின் கண் மலை மீதே இருக்கும். புல் காய்ந்து சருகு குவியும் காலம் அது. ஒரு பொறி போதும், காடும் தோப்பும் சேர்ந்து எரிய. கோடைக்கு முன்பே வனத்துறை தீத்தடுப்புக் கோடு அமைப்பதும் காவலர்களை நிறுத்துவதும் இதற்காகத்தான். இந்த வழக்கத்தை இந்தியக் காடுகளில் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர் டீட்ரிக் பிராண்டிஸ்.

1824-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்த அவர், அங்கேயே தாவரவியல் ஆசிரியராக இருந்தார். 1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். கண்டபடி வெட்டப்பட்டு வந்த காட்டில் எத்தனை மரம் மிச்சம் என்று யாருக்கும் தெரியவில்லை. யானை மீது அமர்ந்து போய், கையிலிருந்த குச்சிகளில் கத்தியால் வெட்டுக்குறி போட்டு, பருமன் வாரியாக மரங்களை எண்ணினார். ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்பதை அந்தக் கணக்கே முடிவு செய்தது. காட்டை எரித்துப் பயிர் செய்த கரேன் மலைமக்களைத் துரத்தாமல், பயிரோடு தேக்கும் நடச் செய்தார்.

1864-ல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியானார். ஆண்டுதோறும் பற்றும் தீயை யாராலும் தடுக்க முடியாது என்பதே அப்போதைய அதிகாரிகள் பலரின் எண்ணம். மத்திய மாகாணத்தின் போரி காட்டில் கர்னல் பியர்சன் அதைச் செய்து காட்டினார். கோடைக்கு முன்பே காட்டைச் சுற்றிப் பட்டையாகப் புல்லை அகற்றி, காவல் போட்டார். அந்த முறையைப் பிற மாகாணங்களுக்கும் கொண்டு சென்றவர் பிராண்டிஸ்.

1880-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1882-ல் பிறந்த சென்னை வனச் சட்டம், தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நடப்பில் உள்ளது. காப்புக்காட்டில் தீ வைப்பது அதன்படி குற்றம். காட்டில் உரிமை உள்ளவர்களும் மாடு மேய்க்க அனுமதி பெற்றவர்களும் தீயை அணைக்க உதவ வேண்டும். ஊருக்கென்று தனிக் காடு வேண்டும், ஊராரே அதைக் காக்க வேண்டும் என்றும் பிராண்டிஸ் வற்புறுத்தினார். அந்த யோசனை பெரும்பாலும் ஏற்கப்படவில்லை. சட்டம் வந்தது, காட்டில் ஊருக்குப் பங்கு வரவில்லை.

அவருடைய கொள்கையிலும் குறை இருந்தது. தீயே அண்டாத ஈரப்பாங்கான பர்மியக் காடுகளில் தேக்கு நாற்றுகள் சரியாக எழும்பவில்லை என்று பின்வந்த அதிகாரிகள் கண்டார்கள். எந்தக் காட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் பாடம்.

1883-ல் ஓய்வு பெற்ற பிராண்டிஸ், இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை 1906-ல் வெளியிட்டு, மறு ஆண்டு பான் நகரில் மறைந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988-ல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகி, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அந்த மலை எரிந்தால் அடுத்த மழையில் மேல்மண் ஓடை வழியே கண்மாய்க்கு வந்து சேரும். ஓடையும் சீக்கிரம் வற்றும். எனவே கரும்புச் சோகையையும் தென்னை மட்டையையும் கொளுத்தாமல் மூடாக்காகப் போடுங்கள். காட்டை ஒட்டிய வரப்பில் காய்ந்த புல்லை இப்போதே செதுக்கிவிடுங்கள். மலையில் புகை தெரிந்தால் உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தீக்கோட்டை வனத்துறை போடலாம்; கோட்டுக்கு இந்தப் பக்கம் பொறி கிளம்பாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.