இரட்டைமலை சீனிவாசனும் பழவேற்காட்டின் நீருரிமையும்

பழவேற்காடு ஏரியில் எந்நாளில், எவ்விடத்தில், யார் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்னும் மரபுமுறை முடிவுசெய்கிறது. பட்டினவர் ஊர்களுக்குள் முறைவைத்துப் பகிரப்படும் இவ்வுரிமையில் தலித் மீனவர்க்கு இடமில்லை என்பது நெடுநாளைய வழக்கு. எஞ்சிய நீரில் பிழைப்போர், இந்நிலையைச் சகித்துக்கொண்டே அதை எதிர்க்கவும் வேண்டியிருக்கிறது. அவர்கள் அறியவேண்டிய வாழ்க்கை இரட்டைமலை சீனிவாசனுடையது.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தைச் சேர்ந்த அவர், கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில் தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சினார். மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துவிட்டு, அதன்பின்னரே வகுப்பறைக்குள் நுழைவார். ஆயினும் படிப்பை விடவில்லை.

சென்னைக்குக் குடிபெயர்ந்தபின், 1893இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. பிறர் வசையாக வழங்கிய சொல்லையே முகப்பில் அச்சிட்டார். இழிவு நீங்கட்டும், பிறகு பேசுவோம் என்று காத்திராமல், இழிவு நிலவும் நாளிலேயே அப்பெயரோடு அரசிடம் உரிமை கோரினார். இதழ் ஏழாண்டுகள் வெளிவந்தது.

தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு பணிபுரிந்து திரும்பியவர், 1923இல் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். பொதுச்சாலைகள், கிணறுகள், குளங்கள் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் முன்மொழிந்து நிறைவேற்றச் செய்தார்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் பங்கேற்றார். அவற்றின் பயனாய்க் கிடைத்த தனி வாக்காளர் தொகுதி, காந்தியின் உண்ணாநோன்பால் 1932இல் கைநழுவியது. பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். மாகாணச் சட்டசபைகளில் 71ஆக இருந்த இடங்கள் 148ஆக உயர்ந்தன. கேட்டது கிட்டாத நிலையிலும் பொதுவாழ்விலிருந்து அவர் விலகவில்லை. 1945இல் மறைந்தார்.

உள்ளதை உள்ளபடி ஏற்பது அதற்கு இசைவதாகாது. எங்கே நிற்கிறோம் என்பதை மறைக்காமல் அறிந்து, கைக்கெட்டிய கருவியைக் கொண்டு செயற்படுவதே அவர் வழி. பள்ளியில் ஒதுங்கியிருந்தவருக்கு அக்கருவி படிப்பாக இருந்தது. பின்னர் அது இதழாயிற்று. அதன்பின் சட்டசபைத் தீர்மானமாயிற்று.

1924ஆம் ஆண்டுத் தீர்மானம் பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் பற்றியது. பிழைப்புக்கான நீர் பழவேற்காட்டில் இன்னும் சாதி வழக்கத்தின் பிடியிலேயே உள்ளது. கிராமசபையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பாட்டில் பங்கு கேட்டு எழுத்துமூலம் வைக்கப்படும் ஒவ்வொரு கோரிக்கையும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் பணியே.