இறைவார்த்தைக்காக உழைத்த புனித ஜெரோம்

மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள் எங்கள் தோழி ஒருத்தி ஓர் ஐயத்தைக் கிளப்பினாள். பாட்டியின் பெட்டியில் இருந்த பழைய விவிலியத்தையும் நாங்கள் வகுப்பில் வாசிக்கும் விவிலியத்தையும் அவள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பல இடங்களில் சொற்கள் வேறாக இருந்தனவாம். தூய ஆவியின் தூண்டுதலால் எழுதப்பட்ட நூலில் சொல் மாறலாமா, இரண்டில் எது இறைவார்த்தை என்று கேட்டாள். நாங்கள் விடை தெரியாமல் விழித்தோம். சகோதரி அவர்கள் உடனே விடை கூறாமல், புனித ஜெரோமின் வரலாற்றைப் படித்து வரும்படி எங்களை அனுப்பினார்கள். நாங்கள் படித்து அறிந்ததை இங்கே தருகிறோம்.

இளமையும் கனவும்

எரோணிமுஸ் என்றும் அழைக்கப்படும் ஜெரோம், ஏறத்தாழ 347-ஆம் ஆண்டில், உரோமைப் பேரரசின் தல்மாத்தியா, பன்னோனியா மாநிலங்களின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்னும் ஊரில் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தார். உரோமை நகரில் தொனாத்துஸ் என்னும் பெயர்பெற்ற இலக்கண ஆசிரியரிடம் பயின்றார். திருமுழுக்குப் பெற்றதும் அந்நகரிலேயே. சிசரோவின் நூல்கள் என்றால் அவருக்கு உயிர். மிகவும் பாடுபட்டுத் தமக்கென ஒரு நூலகத்தையே சேர்த்து வைத்திருந்தார்.

துறவு வாழ்வை நாடிக் கிழக்கு நாடுகளுக்குச் சென்றபோதும் அந்நூல்களை விட்டுப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. நோன்பு இருப்பார், பிறகு சிசரோவைப் படிப்பார். இறைவாக்கினர் நூல்களை எடுத்தால் அவற்றின் நடை கரடுமுரடாகத் தோன்றும். அந்தியோக்கியாவில் ஒரு தவக்காலத்தில் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது கனவு கண்டார். நீதி இருக்கையின் முன் நிறுத்தப்பட்ட அவர், தாம் கிறிஸ்தவர் என்று கூறினார். அவர் கிறிஸ்துவின் சீடர் அல்லர், சிசரோவின் சீடரே என்று தீர்ப்பாயிற்று. சாட்டையடியும் விழுந்தது. விழித்தெழுந்த பின், முன்பு மற்ற நூல்களிடம் காட்டிய ஆர்வத்தைவிட மிகுந்த ஆர்வத்தோடு இறைநூலைப் படிக்கத் தொடங்கினார். இந்நூலின் அதிகாரம் சொல்லழகால் வருவதன்று, அதில் பேசுகின்ற இறைவனால் வருவது என்பதை அவர் உணர்ந்தார்.

பின்னர்க் கால்சிஸ் பாலைநிலத்தில் தவம் செய்தார். அங்கே கிறிஸ்தவராக மாறிய யூதர் ஒருவரிடம் எபிரேயம் கற்றார். அதன் ஒலிகள் நாவிலும் தொண்டையிலும் எளிதில் படியவில்லை. எத்தனையோ முறை வெறுத்துப் போய் விட்டுவிட்டார், மீண்டும் தொடங்கினார். கணக்குப் பாடத்தில் இந்தத் துன்பம் எங்களுக்கும் உண்டு!

உரோமையிலிருந்து பெத்லகேமுக்கு

382-ஆம் ஆண்டில் உரோமைக்குத் திரும்பிய ஜெரோம், திருத்தந்தை தமாசுஸ் அவர்களுக்கு உதவியாளராகப் பணிபுரிந்தார். அக்காலத்தில் இலத்தீன் நற்செய்திகளின் படிகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் இருந்தன. அவற்றைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும்படி திருத்தந்தை கேட்டுக்கொண்டார். பழக்கமான சொல்லில் கை வைத்தால் மக்கள் தம்மைப் பொய்யன் என்று ஏசுவார்கள் என்பதை அறிந்தே ஜெரோம் அப்பணியை ஏற்றார்.

மர்செல்லா, பவுலா, பவுலாவின் மகள் யூஸ்தோக்கியம் முதலிய உரோமைப் பெண்மணிகள் அவரிடம் விவிலியம் பயின்றனர். மர்செல்லா கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பாராம். பவுலா எபிரேயம் கற்று, திருப்பாடல்களை அம்மொழியிலேயே பாடினார். பெண்களுக்கு நூல்களைக் காணிக்கையாக்குகிறாரே என்று சிலர் ஏளனம் செய்தபோதும் ஜெரோம் பொருட்படுத்தவில்லை. பவுலாவின் பெயர்த்திக்கு எழுத்துக் கற்பிப்பது பற்றிப் பின்னாளில் எழுதிய கடிதத்தில், தந்தத்தாலோ மரத்தாலோ எழுத்துகள் செய்து கொடுத்து விளையாட்டாகவே கற்பிக்கச் சொன்னார்.

384-இல் திருத்தந்தை இறந்தார். ஜெரோமின் நாக்கோ மிகக் கூர்மையானது. பகைவர் பெருகவே 385-இல் உரோமையை விட்டு வெளியேறினார். 386-இல் பெத்லகேமில் குடியேறினார். பவுலா தம் செல்வத்தைக் கொண்டு அங்கே துறவு இல்லங்கள் கட்டினார். அங்கேதான் ஜெரோம் பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்து நேராக இலத்தீனில் பெயர்த்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்து 405-ஆம் ஆண்டளவில் அதை முடித்தார். பவுலா அதைக் காணவில்லை; 404-இல் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

ஒரு செடியால் வந்த கலகம்

யோனாவுக்கு நிழல் தந்த செடியை நாம் அறிவோம். பழைய இலத்தீன் நூலில் அது சுரைக்கொடி. ஜெரோம் அதை ஐவி என்னும் படர்கொடியாக மாற்றினார். ஆப்பிரிக்காவில் ஓயா என்னும் நகரில், ஆலயத்தில் இந்தப் புதிய சொல் வாசிக்கப்பட்டதும் மக்கள் கொதித்தெழுந்தனர். ஆயர் தம் மந்தையையே இழக்கும் நிலை ஏற்பட்டது. புனித அகுஸ்தீனார் இதைக் குறிப்பிட்டு ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். மக்களின் நம்பிக்கை குலையுமே என்பது அவருடைய கவலை. எபிரேயச் சொல் குறிக்கும் அகன்ற இலைச் செடிக்கு இலத்தீனில் பெயரே இல்லை என்று ஜெரோம் விளக்கினார். நம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு!

இறைவாக்கினர் வேறு, மொழிபெயர்ப்பாளர் வேறு என்பதில் ஜெரோம் உறுதியாக இருந்தார். முன்னவருக்குத் தூய ஆவி ஏவுதல் தந்தார்; பின்னவருக்கு வேண்டியவை கல்வியும் மொழியறிவுமே. ஆகவே தம் மொழிபெயர்ப்பிலும் குறை இருக்கலாம் என்பதை அவர் மறுக்கவில்லை.

முடிவுரை

ஜெரோம் 420-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று பெத்லகேமில் காலமானார். அவருடைய உழைப்பைப் பெரும்பகுதியாகக் கொண்ட இலத்தீன் விவிலியமே வுல்காத்தா. 1546-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் அதைத் திருச்சபைக்கு உரிய நம்பத்தக்க பதிப்பாக அறிவித்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விவிலியத்தின் ஆசிரியர் இறைவனே என்றும், அதை எழுதிய மனிதர்களும் உண்மையான ஆசிரியர்களே என்றும் கற்பித்தது. மூலமொழிகளிலிருந்து நல்ல மொழிபெயர்ப்புகள் வேண்டும் என்றும் அது கேட்டுக்கொண்டது. 1995-இல் தமிழில் வெளிவந்த திருவிவிலியம் இவ்வழியில் வந்ததே.

எங்கள் தோழிக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பாட்டியின் விவிலியமும் நம் விவிலியமும் ஒரே இறைவார்த்தையை நமக்குத் தருகின்றன. அது இறைவனுடைய வார்த்தை என்பதால்தான் அதன் ஒரு சொல்லைக்கூட ஏனோதானோ என்று விட்டுவிட ஜெரோமால் முடியவில்லை. தோழியரே, அவர் முதுமைவரை விளக்கொளியில் ஆராய்ந்த அந்நூலை நாமும் நாள்தோறும் ஒரு பக்கமாவது திறப்போமாக!